மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனைமுடிக்கு அடுத்த சிகரம் எது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த ஐந்து சிகரங்கள் எவை? முதலிடம் ஆனைமுடிக்கு என்பதில் எல்லாப் பட்டியலும் ஒத்துப்போகிறது. இரண்டாம் இடத்தில் ஒரு பட்டியல் மீசைப்புலிமலையைப் போடுகிறது, இன்னொன்று தொட்டபெட்டாவைப் போடுகிறது. தொட்டபெட்டாவுக்கே ஓரிடத்தில் 2,637 மீட்டர், வேறோர் இடத்தில் 2,623 மீட்டர். எதை நம்புவது, இவற்றில் ஏறிப் பார்க்க முடியுமா என்று கேள்வியை முடித்திருக்கிறார். நானும் ஒரு பட்டியலை எழுதிக் கொடுத்தால் அவர் கையில் இருக்கும் பட்டியல்களோடு அதுவும் ஒன்றாகச் சேரும், அவ்வளவுதான். அவருடைய உண்மையான சிக்கல், ஒரே மலைக்கு இத்தனை எண்கள் எப்படி வருகின்றன என்பதும், எதைத் தனிச் சிகரமாக எண்ணுவது என்பதும். நான் நில அளவை படித்து, மலைப்பகுதி வரைபடங்களோடு பல காலம் வேலை செய்தவன். அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்.

சந்தேகமே இல்லாததை முதலில் சொல்லிவிடலாம். ஆனைமுடி 2,695 மீட்டர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு மேலே இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அதற்கு அடுத்து வரும் எந்தச் சிகரத்துக்கும் 2,640 மீட்டருக்கு மேல் யாரும் சொல்வதில்லை. நடுவில் 55 மீட்டர் இடைவெளி. அளவையில் வரக்கூடிய பிழைகளை எல்லாம் ஒரே பக்கமாகக் கூட்டினாலும் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. ஆகவே ஆனைமுடியின் முதலிடம் எந்தப் புது அளவை வந்தாலும் அசையாது. இந்தியத் தீபகற்பத்தின் உயர்ந்த இடமும் அதுதான். ஆனைமுடியை விட உயரமான நிலத்தை மிதிக்க வேண்டுமானால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய் இமயமலையைத் தொட வேண்டும். கடல் தாண்டினால் இலங்கையின் பீதுருதலாகலையும் 2,524 மீட்டர்தான். இங்கே ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. 'இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் உயர்ந்த சிகரம் ஆனைமுடி' என்று பல நூல்களில் வருகிறது. நாகாலாந்தின் சாராமதி 3,800 மீட்டரைத் தாண்டுகிறது. அதுவும் இமயத்துக்குத் தெற்கேதான் இருக்கிறது. 'தீபகற்ப இந்தியாவின் உயர்ந்த சிகரம்' என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது.

இனி, வம்பில் இருக்கும் மூன்று சிகரங்கள். மீசைப்புலிமலை 2,640 மீட்டர். மூணாறுக்குக் கிழக்கே, சூரியநெல்லி, கொழுக்குமலைப் பக்கம். தொட்டபெட்டா 2,637 மீட்டர், உதகைக்குப் பக்கத்தில். கோலாரிபெட்டா 2,630 மீட்டர். நீலகிரியின் மேற்கு விளிம்பில், முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள். இரண்டாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் மொத்தமே 10 மீட்டர்தான் வித்தியாசம். மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். இந்த 10 மீட்டரை நம்பலாமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொட்டபெட்டாவுக்கு 2,623 என்று போடும் பட்டியலை எடுத்துக்கொண்டால் கோலாரிபெட்டா அதை முந்திவிடும். ஒரே மலையின் இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும் 14 மீட்டர், மூன்று மலைகளுக்கு நடுவே இருக்கும் 10 மீட்டரை விடப் பெரிது. இதைக் கவனித்துவிட்டால் பட்டியல்கள் ஏன் சண்டை போடுகின்றன என்பது பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதி, உயரத்தை எப்படி அளந்தார்கள் என்பதில் இருக்கிறது. தென்னிந்திய மலைகளின் பழைய உயரங்கள் பெரும்பாலும் கோண அளவையில் வந்தவை. 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் அடிக்கோடு (மற்றத் தூரங்களைக் கணக்கிட அடிப்படையாகத் தரையில் நேரே அளக்கும் நீளம்) அளந்து தொடங்கிய முக்கோண அளவைதான் அதன் தாய். ஒரு குன்றின் உச்சியில் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்து, தொலைவில் தெரியும் இன்னொரு உச்சியின் ஏற்றக் கோணத்தைப் படிப்பார்கள். தூரம் தெரியும், கோணம் தெரியும், உயரம் கணக்கில் வந்துவிடும். (சமவெளியில் குன்று கிடைக்காதபோது கோயில் கோபுரங்களில் கருவியை ஏற்றினார்கள். அரை டன் எடையுள்ள அந்தத் தியோடலைட் 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது மோதிச் சேதமடைந்து, லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்.) கணக்கு எளிது, தொல்லை கொடுப்பது காற்று. ஒளி நேர்கோட்டில் வராது. கீழே அடர்ந்தும் மேலே மெலிந்தும் இருக்கும் காற்றுக்குள் வளைந்து வருகிறது. அதனால் தொலைவில் உள்ள உச்சி, இருக்கும் இடத்தை விடச் சற்று மேலே தெரியும். 50 கிலோமீட்டர் தூரப் பார்வைக்கு இந்த வளைவு மட்டும் சுமார் 27 மீட்டர் உயர்த்திக் காட்டும். சராசரி மதிப்பை வைத்து அதைக் கழித்துவிடலாம். ஆனால் அந்த வளைவு நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறும். விடியற்காலையில் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கி நிற்கும்போது அதிகமாகவும், பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். அதனால்தான் ஏற்றக் கோணத்தை நண்பகலுக்கு மேல் மூன்று மணிக்குள் படிக்கச் சொல்லிப் பயிற்சி கொடுப்பார்கள். இரண்டு உச்சிகளிலிருந்தும் ஒன்றையொன்று பார்த்துச் சராசரி எடுத்தால் பிழை பெரிதும் குறையும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்துப் பதிந்த உயரத்தில் சில மீட்டர் தள்ளாட்டம் இருந்தால் அது அளந்தவரின் தவறு ஆகாது. அந்த முறைக்கு அவ்வளவுதான் எல்லை.

அப்புறம் அடி, மீட்டர் விவகாரம். பழைய வரைபடங்கள் அடிக்கணக்கில் இருந்தன. ஆனைமுடி 8,842 அடி. அதுதான் 2,695 மீட்டர் ஆனது. தொட்டபெட்டாவின் 2,637 மீட்டர் என்பது 8,650 அடியை ஒட்டி வருகிறது. 2,623 என்பது 8,606 அடி. இரண்டு எண்களும் நெடுங்காலமாகப் புழங்குகின்றன. ஒருவர் பார்த்து எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுத, இரண்டும் உயிரோடு இருக்கின்றன. அண்மைக் காலத்துப் பாடநூல்களும் வரைபடங்களும் பெரும்பாலும் 2,637ஐத்தான் எடுத்துக்கொள்கின்றன. நானும் அதையே பயன்படுத்துகிறேன்.

இந்தக் காலத்தில் ஜிபிஎஸ் இருக்கிறதே, நேரே போய் அளந்துவிடலாமே என்று தோன்றும். இதில்தான் நம் பகுதிக்கே உரிய ஒரு சுவையான சிக்கல் வருகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமியை வழவழப்பான நீள்வட்ட உருண்டையாக எடுத்துக்கொண்டு அதன் மேற்பரப்பிலிருந்து உயரம் சொல்கின்றன. நாம் சொல்வதோ கடல் மட்டத்திலிருந்து உயரம். கடல் மட்டம் ஈர்ப்பு விசையின்படி மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கடல் மட்டத்தில் இப்படி விழும் பள்ளங்களில் உலகிலேயே மிக ஆழமானது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது; அங்கே கடல் மட்டம் அந்தக் கற்பனை உருண்டைக்கு நூறு மீட்டருக்கும் மேல் கீழே கிடக்கிறது. அதன் சரிவு தென்னிந்தியாவையும் தொடுகிறது. நீலகிரி, மூணாறு பகுதிகளில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர். திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் ஒன்றை ஆனைமுடியில் வைத்தால் 2,600 சொச்சம்தான் காட்டும். தொட்டபெட்டாவில் நின்று '2,540தான் வருகிறது, அரசு பொய் சொல்கிறது' என்று படம் போடுபவர்களை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு எண்களும் சரி. எங்கிருந்து அளக்கிறோம் என்பதுதான் வேறு. இன்றைய கைபேசிகளில் பல இந்தத் திருத்தத்தைத் தாமாகவே செய்துவிடுகின்றன, சில செயலிகள் செய்வதில்லை. திருத்தம் செய்தாலும் கைபேசியின் உயரக் கணக்கு பத்து, இருபது மீட்டர் ஆடும். 3 மீட்டர் வழக்கைத் தீர்க்க அது உதவாது.

காற்றழுத்தத்தைப் பார்த்து உயரம் சொல்லும் கைக்கடிகாரமும் இதே கதைதான். 2,600 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் (அழுத்தத்தின் அலகு) மாறினால் கடிகாரம் சுமார் 11 மீட்டர் மாறியதாகச் சொல்லும். நம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு. மலை உச்சியில் அந்த ஏற்ற இறக்கம் இரண்டு மில்லிபார் அளவுக்கு வரும். காலையில் கடிகாரத்தைச் சரியாக வைத்துவிட்டு ஒரே பாறையில் மாலை வரை உட்கார்ந்திருந்தால், நீங்கள் அசையாமலே இருபது மீட்டர் மேலே போய்விட்டதாக அது காட்டும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். கடிகாரம் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கிளம்பும் இடத்தின் உயரம் தெரியுமென்றால் அங்கே திருத்தி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஏறி முடித்துப் படித்தால் ஓரளவு நம்பலாம்.

இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களின் உயரங்கள் பெரும்பாலும் விண்ணிலிருந்து ரேடார் கொண்டு எடுத்த தரவிலிருந்து வருபவை. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து பூமியின் பெரும்பகுதியை ரேடாரால் வருடி எடுத்த தரவுதான் அவற்றில் மிகப் பரவலாகப் புழங்குவது. தரையை 30 மீட்டர் அல்லது 90 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் கொடுக்கும். கூர்மையான உச்சி என்றால் சுற்றிலும் உள்ள சரிவும் அதே கட்டத்துக்குள் சேர்ந்து, உயரம் குறைந்துவிடும். உச்சி தட்டையாக, மரம் மூடியதாக இருந்தால் மரத்தின் உயரமும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். முக்குருத்தி போல ஒரு பக்கம் செங்குத்தாக அறுந்து விழும் சிகரத்துக்கு இந்தத் தரவு அநியாயம் செய்கிறது. மேலே மரம் நிற்கும் தட்டை மலைக்குச் சலுகை தருகிறது. இந்த எண்களை வைத்துச் சிகரங்களை வரிசைப்படுத்தி 'உண்மையான பட்டியல் இதுதான்' என்று போடுபவர்களை நம்பாதீர்கள்.

ஆக, இரண்டாவது யார்? பதிந்திருக்கும் எண்களின்படி மீசைப்புலிமலை. ஆனால் 3 மீட்டர் முன்னிலையை நான் உறுதி என்று சொல்ல மாட்டேன். மூன்று உச்சிகளிலும் இரண்டு அலைவெண்களில் சமிக்ஞை வாங்கும் துல்லியமான ஜிபிஎஸ் கருவியைச் சில மணி நேரம் வைத்து, ஈர்ப்புத் திருத்தத்தையும் கவனமாகச் செய்தால் பிழை சில அங்குலங்களுக்குள் வந்துவிடும். அப்படி ஒரே முறையில், ஒரே காலத்தில் மூன்றையும் அளந்த எண்களை ஒப்பிடும் வரை 'மீசைப்புலிமலை, தொட்டபெட்டா, கோலாரிபெட்டா மூன்றும் ஏறத்தாழ ஒரே உயரம்' என்று சொல்வதுதான் நேர்மை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். எதைத் தனிச் சிகரம் என்று எண்ணுவது? இரவிகுளத்து மேட்டுப் புல்வெளியில் 2,500 மீட்டரைத் தாண்டிய முகடுகள் பல இருக்கின்றன. நீலகிரியிலும் அப்படியே, உதகையைச் சுற்றியே 2,400க்கு மேல் போகும் மலைகள் பல. ஒரே மேட்டின் மேல் எழும் ஒவ்வொரு திட்டையும் எண்ணினால் முதல் இருபது இடங்களையும் இந்த இரண்டு மேடுகளே பங்குபோட்டுக்கொள்ளும். இதைத் தீர்க்க மலையேறிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு சிகரத்திலிருந்து அதைவிட உயரமான இன்னொரு சிகரத்துக்கு நடந்துபோக, குறைந்தபட்சம் எவ்வளவு கீழே இறங்கியாக வேண்டும் என்று பார்ப்பது. அந்த இறக்கத்தைச் சிகரத்தின் 'தனி உயரம்' என்று வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு பெரிதோ, சிகரம் அவ்வளவு தனித்தது. கடல் மட்டம் மெல்ல மெல்ல உயர்வதாக மனதில் நினைத்துப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். 215 மீட்டர் அளவுக்குத் தண்ணீர் ஏறும்போது வட இந்தியச் சமவெளி மூழ்கி, தீபகற்பம் இமயத்திலிருந்து பிரிந்து தனித் தீவாகிவிடும். அந்தத் தீவின் உச்சி ஆனைமுடி. அதனால் ஆனைமுடியின் தனி உயரம் ஏறத்தாழ 2,480 மீட்டர், கிட்டத்தட்ட அதன் முழு உயரமும். தண்ணீர் இன்னும் ஏறி 380 மீட்டரைத் தொடும்போது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் நீரும் கிழக்கிலிருந்து வரும் நீரும் கோவை, பொள்ளாச்சிச் சமவெளியில் சந்தித்துக்கொள்ளும். நீலகிரி ஆனைமலையிலிருந்து பிரிந்துவிடும். அந்த வடபகுதியின் உச்சி தொட்டபெட்டா. அதன் தனி உயரம் சுமார் 2,256 மீட்டர்.

மீசைப்புலிமலைக்கு இந்தப் பெருமை கிடையாது. அதுவும் ஆனைமுடியும் ஒரே மேட்டின் இரு கரைகள். நடுவே மூணாறு 1,500 மீட்டரில் இருக்கிறது. முகட்டு வழியாகச் சுற்றிப் போனால் இறக்கம் இன்னும் குறைவு. சில நூறு மீட்டர் இறக்கம் இருப்பதால் அது தனிச் சிகரம்தான், அதில் தடை இல்லை. ஆனால் தொட்டபெட்டாவோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. கோலாரிபெட்டாவும் அப்படித்தான். அதற்கும் தொட்டபெட்டாவுக்கும் இடையில் 2,000 மீட்டருக்கு மேலேயே கிடக்கும் உதகை மேட்டுநிலம் பாலம் போடுகிறது. என்னைக் கேட்டால், மேற்குத் தொடர்ச்சியின் இரண்டாவது பெரிய சிகரம் தொட்டபெட்டாதான். மீட்டரில் 3 குறைவாக இருந்தாலும் அது ஒரு முழு மலைத்தொகுதியின் தலை. இந்த வழியில் பட்டியல் போட்டால் 1,868 மீட்டர் மட்டுமே உயரமுள்ள அகத்தியமலை சட்டென்று மேலே வந்துவிடும். செங்கோட்டைக் கணவாய் அதை வடக்கிலிருந்து வெட்டித் தனியாக நிறுத்தியிருக்கிறது. கடற்கரைச் சமவெளியிலிருந்து அந்த மலையைப் பார்த்தவர்களுக்கு இது நியாயமாகத்தான் படும்.

ஐந்தாம் இடத்திலும் இதே இழுபறி. நீலகிரியின் முக்குருத்தி 2,554 மீட்டர், பழனி மலையின் உச்சியான வந்தரவு 2,553 மீட்டர். ஒரு மீட்டர் வித்தியாசத்தைப் பற்றி மேலே சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வயநாட்டுக்கு வடக்கே போனால் 2,000 மீட்டரைத் தாண்டும் சிகரமே கிடையாது. கர்நாடகத்தின் முள்ளையனகிரி 1,930 மீட்டர், மகாராஷ்டிரத்தின் கல்சுபாய் 1,646 மீட்டர். கல்சுபாய் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து உண்டான பசால்ட் பாறை. நம் பக்கத்து உயர மலைகள் அதைவிடப் பல மடங்கு பழமையான, கெட்டியான சார்னோகைட் வகைப் பாறைகள். பாறையின் உறுதி தெற்கின் உயரத்துக்கு ஒரு காரணம் என்பதை ஏற்கலாம். நிலம் எப்போது, எத்தனை தவணையில் மேலெழுந்தது என்பதில் புவியியலாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

தேர்வில் என்ன எழுதுவது? கேள்வி எந்த எல்லைக்குள் கேட்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரம் என்றால் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். தென்னிந்தியா, மேற்குத் தொடர்ச்சி மலை, கேரளம் எதுவானாலும் ஆனைமுடி, 2,695 மீட்டர். நீலகிரி என்றால் மறுபடி தொட்டபெட்டா. இரண்டாவது உயர்ந்தது எது என்று கேட்டு விடைகளில் மீசைப்புலிமலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பதிந்த எண்படி அதுதான் விடை.

ஏறிப் பார்ப்பதைப் பற்றி. தொட்டபெட்டாவுக்கு உச்சி வரைக்கும் சாலை இருக்கிறது. குடும்பத்தோடு போகலாம், தொலைநோக்கி மாடமும் உண்டு. ஆனைமுடியின் முதல் பதிவான ஏற்றம் 1862இல் சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் செய்தது. அங்கேயே வாழ்ந்த முதுவர்கள் அதற்கு முன்பே ஏறியிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்று பொதுமக்களுக்கு அங்கே ஏற அனுமதி இல்லை. ராஜமலை வரை வனத்துறை அழைத்துப் போகும். அங்கிருந்து அதன் யானைத்தலை போன்ற பாறை முகத்தை நன்றாகப் பார்க்கலாம், வரையாடுகள் கைக்கெட்டும் தூரத்தில் மேயும். குட்டி ஈனும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் வாக்கில் பூங்காவை மூடிவிடுவார்கள். முக்குருத்தியும் கோலாரிபெட்டாவும் தேசியப் பூங்காவின் உள்பகுதி. அங்கே நினைத்தபடி நுழைய முடியாது. மீசைப்புலிமலைக்குக் கேரள வன மேம்பாட்டுக் கழகம் மூணாறிலிருந்து வழிகாட்டியோடு அழைத்துப் போகிறது. அந்த வழியில் மட்டும் போங்கள். கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து அனுமதி இல்லாமல் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். 2018 மார்ச்சில் அதே மலைச்சரிவில், குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். கோடையில் அந்தப் புல் ஆளுயரம் காய்ந்து நிற்கும். தீ சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர், ஜனவரி வாக்கில் போனால் புல் பச்சையாக இருக்கும், காலையில் வானமும் தெளிந்திருக்கும்.